காவிரி டெல்டாவில் வீட்டு சோலார்: செலவு எவ்வளவு, போட்ட முதல் எப்போது திரும்பும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் மொட்டை மாடியில் சோலார் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு முழுக்க வீட்டு இணைப்புக்கானது. மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடும், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலாரை வைத்துப் போட்டிருக்கிறேன். மின்கட்டணம் 2024 ஜூலையில் வந்த வீட்டு விகிதம். பேனல் விலைகள் தோராயமானவை, உங்கள் கைக்கு வரும் கொட்டேஷனை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும்?

பேனல் விலையைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

நம் மாநிலத்தில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய் 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிற வீடு 501 ஓடினால் 2,048 கட்ட வேண்டும். அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய்!

சோலார் எப்போதும் பில்லின் உச்சியிலிருந்துதான் வெட்டும். நீங்கள் 1,200 யூனிட் ஓட்டுகிறவர் என்றால் முதலில் விழுவது 11.55 ரூபாய் யூனிட். 300 யூனிட் ஓட்டுகிறவருக்கு விழுவது 4.70 ரூபாய் யூனிட். பேனல் ஒன்று, வெயில் ஒன்று, மிச்சம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படும்.

இனி வீடு வீடாகப் பார்ப்போம். டெல்டாவில் ஒரு கிலோவாட் பேனல் வருஷ சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், அதாவது பில் காலத்துக்கு 240 யூனிட்.

ஃபேன், லைட், டிவி, மிக்ஸி, ஃபிரிட்ஜ் மட்டும் இருக்கும் 200 யூனிட் வீட்டுக்கு பில் 235 ரூபாய். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 1,410 ரூபாய்தான். மத்திய அரசு தரும் மானியம் போக 45,000 ரூபாய் போட்டு ஒரு கிலோவாட் வைத்தால் முதல் திரும்ப முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும், பேனலின் உத்தரவாதமோ 25 வருஷம். இந்த வீட்டுக்கு சோலார் வேண்டாம். யார் வந்து என்ன பேசினாலும் வேண்டாம்.

400 யூனிட் வீட்டின் பில் 1,175. ஒரு கிலோவாட் போட்டால் அது 141-க்கு இறங்கும். வருஷத்துக்கு 6,200 ரூபாய் மிச்சம், ஏழரை வருஷத்தில் காசு திரும்பும். பரவாயில்லை ரகம்.

600 யூனிட் வீடு 2,880 கட்டுகிறது. 2 கிலோவாட் போட்டால் 50 ரூபாய்க்குள் வந்துவிடும். வருஷத்துக்கு 17,000 மிச்சம். மானியம் போக 80,000 செலவு என்றால் ஐந்து வருஷம்கூட ஆகாது.

இரண்டு ஏசி ஓடும் 1,200 யூனிட் வீட்டுக்கு பில் 9,180. 3 கிலோவாட் போட்டால் 1,680 அளவுக்கு வரும். வருஷத்துக்கு 45,000 மிச்சம், 1.22 லட்சம் செலவு, மூன்று வருஷத்துக்குள் முதல் கைக்கு வந்துவிடும். இந்த அளவுக்கு பில் கட்டிக்கொண்டு, மாடியையும் காலியாக வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருப்பவர்கள் மாதா மாதம் காசை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு பில்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். சித்திரையில் 1,000 ஓடும் வீடு மார்கழியில் 350 ஓடும். கடந்த ஒரு வருஷத்தின் ஆறு பில்லையும் எடுத்துத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

எல்லோரும் 3 கிலோவாட் போடச் சொல்கிறார்களே, 2 போதாதா?

3 கிலோவாட்டோடு மானியம் உச்சத்துக்கு வந்துவிடுகிறது, அதனால் விற்பவர்கள் வாயில் அந்த எண்தான் வரும். ஆனால் ஒவ்வொரு கிலோவாட்டும் ஒரே அளவு சம்பாதிப்பதில்லை.

800 யூனிட் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 4,770 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் 800 ரூபாய்க்கு இறங்கும். வருஷத்துக்கு 23,800 மிச்சம், 80,000 செலவு. மூன்றரை வருஷத்துக்குள் காசு வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்குக் கையிலிருந்து இன்னும் 42,000 ரூபாய் போகும், அது மிச்சப்படுத்துவது மீதி இருந்த 800 ரூபாயை மட்டும். வருஷத்துக்கு 4,800. அந்த ஒரு கிலோவாட்டை மட்டும் தனியாகப் பார்த்தால் முதல் திரும்ப ஒன்பது வருஷம் போல ஆகும்.

எனவே இந்த வீட்டுக்கு 2 கிலோவாட் போதும் என்பது என் எண்ணம். அடுத்த வருஷம் பையனுக்குக் கல்யாணம், மாடியில் ஒரு அறை எடுத்து ஏசி மாட்டப் போகிறோம் என்றால் 3 போடுங்கள், பின்னால் கூட்டுவது தலைவலி. 1,200 யூனிட் வீட்டுக்கு 3 கிலோவாட்டை யோசிக்காமல் போடலாம். அங்கேகூட நான்காவது கிலோவாட்டுக்கு மானியம் இல்லாததால் அதன் காசு திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இன்னொன்று: முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். சோலார் யூனிட்டைக் கழித்துவிட்டு மிஞ்சும் யூனிட்டுக்குத்தான் அந்த 100 கணக்கு வரும். மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அளவுக்கு மேல் போட்டால், இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

3 கிலோவாட்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு? அதில் என்னென்ன சேரும்?

மானியத்துக்கு முன்னால் 1.8 முதல் 2.1 லட்சம் வரை கேட்பார்கள். நான் மேலே 2 லட்சம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 2 கிலோவாட்டுக்கு 1.4 லட்சம், 1 கிலோவாட்டுக்கு 75,000. சின்ன அளவில் ஒரு கிலோவாட்டின் விலை கூடத்தான் செய்யும். பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், எர்த்திங், ஆள் கூலி எல்லாம் பாதியாகக் குறையாது அல்லவா!

540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட். ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், 28 கிலோ எடை. வரிசைக்கு நடுவே நடக்க விடும் இடத்தையும் சேர்த்து 250 முதல் 300 சதுர அடி மாடி வேண்டும்.

கொட்டேஷனில் "3 கிலோவாட் முழு செட்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பேனல் எந்த கம்பெனி, எத்தனை வாட், எத்தனை எண்ணிக்கை, இன்வெர்ட்டர் எந்த கம்பெனி, எத்தனை வருஷ வாரண்டி, பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு) செய்ததா, வெறும் பெயின்ட் அடித்ததா, கேபிள் எத்தனை மீட்டர், எர்த்திங் குழி எத்தனை, இடிதாங்கி உண்டா, நெட் மீட்டர் (உள்ளே வந்த யூனிட்டையும் வெளியே போன யூனிட்டையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர்) செலவும் விண்ணப்ப வேலையும் யார் தலையில். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். குறை வைக்க நினைப்பவர்கள் எர்த்திங்கிலும் ஸ்ட்ரக்சரிலும்தான் கை வைப்பார்கள், ஏனென்றால் நாம் மாடிக்கு ஏறிப் பார்ப்பது பேனலை மட்டும்.

சோலார் சாமான்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பழைய விலைப்பட்டியலையே நீட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மானியம் எவ்வளவு, எப்படி வரும்?

மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000-தான்.

முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும். வேலை முடிந்து, நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியம் பார்த்துச் சான்று ஏற்றிய பிறகு மானியம் உங்கள் வங்கிக் கணக்கில் வரும். "மானியம் போக ஒரு லட்சத்து இருபதுதான் சார்" என்று பேசுகிறவரிடம், இன்றைக்கு நான் எவ்வளவு கட்ட வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள்.

பேனல் டிசிஆர் வகையாக, அதாவது பேனலும் அதன் உள்ளே இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். மற்ற பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் கிடையாது. பேனல் அளவு, இன்வெர்ட்டர் அளவு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியக் கணக்கு. 3 கிலோவாட் பேனலுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டினால் 78,000 முழுதாக வராது. நிறுவுகிறவரும் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும்.

மாதம் 300 யூனிட் இலவசம் என்கிறார்களே, அது என்ன?

யாரும் 300 யூனிட் சும்மா தருவதில்லை. 3 கிலோவாட் பேனல் மாதத்துக்கு 300 யூனிட்டுக்கு மேல் உற்பத்தி செய்யும், அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மாநில அரசின் 100 யூனிட் சலுகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சோலார் போட்டாலும் அது தொடரும்.

மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

டெல்டாவில் பாதி வீட்டில் இந்தக் கதைதான். தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருக்கும், மின் அட்டையில் அவர் இன்னும் உட்கார்ந்திருப்பார். விண்ணப்பிக்கிறவர் பெயரும், மின் இணைப்பின் பெயரும், மானியம் வர வேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்த வேண்டும். எனவே முதலில் பெயர் மாற்றம். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்ற பங்காளிகளின் சம்மதம் என்று அதற்கே நாளாகும். அண்ணன் துபாயில், தம்பி சிங்கப்பூரில் என்றால் இன்னும் இழுக்கும். சோலார் கம்பெனிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

கீழே நாங்கள், மேலே வாடகைக்கு விட்டிருக்கிறோம். இரண்டு மீட்டர். எதில் சேர்ப்பது?

வழக்கமாக சோலாரை ஒரு இணைப்போடுதான் சேர்ப்பார்கள். அதிக யூனிட் ஓடும் மீட்டரில் சேர்த்தால் லாபம். வாடகைக்காரர் மீட்டர்தான் அதிகம் ஓடுகிறது என்றால் அதில் சேர்த்துவிட்டு வாடகையில் சரிக்கட்டலாம் என்று தோன்றும். ஆள் மாறினால் கணக்கும் மாறும், சண்டையும் வரும். உங்கள் மீட்டரிலேயே வையுங்கள்.

இரண்டு மீட்டருக்கும் தனித்தனியாக 100 யூனிட் இலவசம் கிடைப்பதால் இப்படிப் பிரிந்த வீடுகளில் ஒவ்வொரு பில்லும் ஏற்கெனவே சின்னதாக இருக்கும். அவர்களில் பலருக்கு சோலார் தேவையே இல்லை.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் என்ன ஆகும்?

குறையும், நன்றாகவே குறையும். நம் பக்கத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். மூன்று நாள் விடாமல் மூடிக்கொண்டு பெய்தால் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு ஒரு யூனிட்கூட வராது. மாசியிலிருந்து சித்திரை வரை 5 யூனிட் வரைக்கும் தொடும். இரண்டையும் சேர்த்த சராசரிதான் அந்த 4.

மழை மாதத்தில் ஏசி ஓடாது, அதனால் பில்லும் தானாகவே சின்னது. வெயிலில் மிஞ்சிய யூனிட்டை அடுத்த பில்லுக்கு நெட் மீட்டர் கணக்கில் கொண்டுபோகலாம். அந்தக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும்.

கரண்ட் போனால் சோலாரில் வீடு ஓடுமா?

ஓடாது. வாங்கிய பிறகு அதிகம் பேர் ஏமாந்ததாக நினைப்பது இந்த இடத்தில்தான். லைனில் மின்சாரம் நின்ற உடனே ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கும். பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மாலையில் கொடுப்பார்களே, அன்று வெயில் கொளுத்தினாலும் உற்பத்தி பூஜ்யம்.

கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு எகிறும். வீடுகளில் வைக்கும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று முழுசாக நிரம்பினால் 1.8 யூனிட் வைத்திருக்கும், கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். நாலைந்து வருஷத்தில் மாற்றவும் வேண்டும். லித்தியம் நீண்ட நாள் உழைக்கும், விலையும் அதற்கேற்றபடி. போட்ட முதலைத் திரும்ப எடுப்பது உங்கள் நோக்கம் என்றால் பேட்டரி பக்கம் போகாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய யூபிஎஸ் அப்படியே இருக்கட்டும். ராத்திரி இரண்டு ஃபேன், நாலு லைட்டுக்கு அது போதும்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் நோயாளியோ, ஃபிரிட்ஜில் இன்சுலினோ இருந்தால் கதை வேறு. அங்கே பேட்டரிச் செலவை மருத்துவச் செலவில் எழுதுங்கள், முதல் திரும்புகிற கணக்கில் சேர்க்காதீர்கள்.

கஜா மாதிரி புயல் வந்தால் பேனல் பறந்துவிடாதா?

2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபோது லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும். எனவே பயம் நியாயமானது.

காற்றில் பேனல் தானாகக் கிளம்புவதில்லை, அதைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரக்சர்தான் விட்டுக்கொடுக்கும். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றுக்காவது கணக்குப் போட்டுச் செய்த ஸ்ட்ரக்சரா என்று எழுதி வாங்குங்கள். பேனலைத் தாழ்வாக, 10 முதல் 12 பாகை சாய்வில் தெற்கு பார்த்து வைத்தால் காற்று அடியில் புகுந்து தூக்குவது குறையும். நம் அட்சரேகைக்கு வெயிலும் அந்தச் சாய்வில்தான் நன்றாக விழும். மாடி விளிம்பிலிருந்து இரண்டடியாவது உள்ளே தள்ளி வையுங்கள்.

புயல் அறிவிப்பு வந்தால் பேனலைக் கழற்றிக்கொண்டு நிற்க முடியாது. போல்ட்டை எல்லாம் ஒரு முறை முறுக்கி, இன்வெர்ட்டரின் இரண்டு பக்க சுவிட்சையும் அணைத்து, மாடியில் கிடக்கும் தகரம், பழைய நாற்காலி, தொட்டி மூடியை அப்புறப்படுத்துங்கள். பறந்து வரும் தகரம்தான் பேனலை உடைக்கும். வீட்டுக் காப்பீடு இருந்தால் அதில் சோலாரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. தாங்குமா?

பேனலின் கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் பெரிய ஆபத்தில்லை. போகிறது போல்ட்டும் ஸ்ட்ரக்சரும்தான். வெட்டி, துளை போட்டு, பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், துரு அங்கே தொடங்கும். போல்ட்டைச் சுற்றி முதலில் வெள்ளையாகப் பொடி பூக்கும், அடுத்த மழைக்கு அது செம்பழுப்பாகக் கோடு இறங்கும். கடலுக்குப் பக்கத்து ஊர்களில் துளைகளை முன்பே போட்டுவிட்டுப் பிறகு கால்வனைஸ் செய்த ஸ்ட்ரக்சரும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் கேளுங்கள். சில ஆயிரம் கூட ஆகும், கொடுக்கலாம்.

பக்கத்தில் தென்னை மரம் இருக்கிறது.

எத்தனை மணிக்கு நிழல் விழுகிறது என்பதுதான் விஷயம். காலை ஒன்பது முதல் மூன்று வரை நிழல் விழாவிட்டால் கவலை இல்லை. ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் அந்த ஒன்று மட்டும் குறையாது, அதோடு தொடராக இணைத்த வரிசையே இழுபடும். இப்போது வரும், செல்களைப் பாதியாக வெட்டி இணைத்த ஹாஃப்-கட் பேனல்களில் பாதிப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நிழலை மார்கழியில் ஒரு நாள் மாடியில் நின்று பாருங்கள், சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் அப்போதுதான் நீளமாக விழும். தேங்காயும் மட்டையும் பேனல்மேல் விழும் தூரத்தில் மரம் இருந்தால் பேனலைத்தான் தள்ளி வைக்க வேண்டும். காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

நாட்டு ஓட்டு வீட்டில் வைக்கலாமா?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பழைய தெரு வீடுகளில் முன்கட்டு ஓடாகவும், கொல்லைப் பக்கம் சமையல்கட்டும் குளியலறையும் தளம் போட்டும் இருக்கும். அந்தத் தளத்தில் 200 சதுர அடி கிடைத்தால் 2 கிலோவாட் வைக்கலாம். பக்கத்து வீட்டு மாடிச்சுவர் நிழல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டு ஓட்டின் மேலே வேண்டாம்.

மாடியில் வடாம் பிழிய, நெல் காய வைக்க இடம் வேண்டுமே?

எட்டு அடி உயரத்தில் கம்பம் நட்டு மேலே பேனல் போடலாம், கீழே நிழலும் கிடைக்கும். செலவு கிலோவாட்டுக்குப் பத்தாயிரம் போலக் கூடும், காற்றும் நன்றாகப் பிடிக்கும். கடலோரத்தில் நான் ஆதரிக்க மாட்டேன், தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் யோசிக்கலாம்.

கம்பத்துக்காக மாடியில் துளை போடும்போது தட்டோட்டை உடைத்துத் தளம் வரை இறங்குவார்கள். அதைச் சரியாக அடைக்காவிட்டால் அடுத்த மழையில் கூடத்தில் ஒழுகும். துளை போடாமல், மாடியின் மேலேயே கான்கிரீட் கட்டை வார்த்து அதில் நிறுத்தும் முறையைக் கேளுங்கள்.

கழுவுவது, பராமரிப்பு?

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி மென்மையான துடைப்பானால் துடைத்தால் போதும். சம்பா அறுவடை நேரத்தில் அறுவடை இயந்திரத் தூசி, அரிசி ஆலைப் பக்கத்து வீடென்றால் உமிச் சாம்பல். அப்போது மட்டும் வாரம் ஒரு முறை. சுட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலோர போர் தண்ணீர் உப்புக்கறை படியவிடும், அது ஏறினால் சுரண்டவும் முடியாது. மழைத் தண்ணீர் அல்லது குடிதண்ணீர் நல்லது. பேனல்மேல் ஏறி நின்று துடைக்க யாரையும் விடாதீர்கள்.

இன்வெர்ட்டர் 25 வருஷம் வராது. எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்குள் ஒரு முறை மாற்ற 30,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். பேனல் உற்பத்தியும் வருஷத்துக்கு அரை சதவீதம் போலக் குறைந்துகொண்டு வரும்.

எங்கள் கிராமத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். பிரச்சினையா?

பிரச்சினைதான், ஆனால் இதைப் பற்றி விற்பவர் யாரும் வாய் திறக்க மாட்டார். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசியில் இருக்கும் வீடுகளில் பம்புசெட் ஓடும் நேரம் வோல்டேஜ் விழும். இன்வெர்ட்டர் தனக்குச் சொன்ன எல்லைக்கு வெளியே வோல்டேஜ் போனால் விலகி நிற்கும், சரியான பிறகு சில நிமிஷம் கழித்துத்தான் மறுபடி சேரும். உச்சி வெயிலில் இப்படி அடிக்கடி விலகினால் உற்பத்தியில் ஓட்டை. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை வோல்டேஜைக் குறித்து வைத்து, அந்த எண்ணைக் காட்டி இன்வெர்ட்டர் கேளுங்கள்.

கடன் வாங்கிப் போடலாமா?

பில் பெரிதாக இருந்தால் போடலாம். 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்குள் பிணை இல்லாமல் அரசு வங்கிகளில் கிடைக்கிறது, வட்டி ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) மேல் அரை சதவீதம் போல. 1.2 லட்சத்தை ஆறரை சதவீதத்தில் ஐந்து வருஷத்துக்கு எடுத்தால் மாதம் 2,350 ரூபாய் தவணை. 800 யூனிட் வீடு இப்போதே மாதத்துக்குச் சராசரி 2,385 ரூபாய் கரண்டுக்குக் கட்டுகிறது. பில்லுக்குப் போன காசு தவணைக்குப் போகும். 400 யூனிட் வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போட்டால் கையைக் கடிக்கும்.

மிஞ்சிய மின்சாரத்தை விற்றுச் சம்பாதிக்கலாமா?

அந்த ஆசையில் பெரிதாகப் போடாதீர்கள். வெட்டிய யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் மிச்சம். மிஞ்சிய யூனிட்டுக்கு அந்த மதிப்பு வராது. இலவச யூனிட்டை அரசு இன்னும் கூட்டினாலும் சோலாரின் மிச்சம் குறையும், அதற்கும் சேர்த்து அளவாகப் போடுங்கள்.

வயல் பம்புசெட்டுக்கு சோலார் போட்டால் லாபமா?

விவசாய இணைப்புக்கு மின்சாரமே இலவசம், மிச்சப்படுத்த பில் இல்லை. டீசல் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கும், இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கும்தான் சோலார் பம்பு. அதற்கான மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள், அது வீட்டுத் திட்டத்தில் வராது.

பேனல் மாட்டியாயிற்று, நெட் மீட்டர் இன்னும் வரவில்லை. ஆன் செய்துவிடலாமா?

கூடாது. பழைய டிஜிட்டல் மீட்டர்களில் சில, மின்சாரம் எந்தப் பக்கம் போனாலும் ஓட்டக் கணக்கிலேயே ஏற்றும். நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டுக்கும் உங்களுக்கே பில் வரும். நெட் மீட்டர் வந்த பிறகு உள்ளே வந்தது, வெளியே போனது என்ற இரண்டு எண்ணையும் மாதம் ஒரு முறை கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ரீடிங் எடுக்க வருபவர் ஒன்றை விட்டுவிட்டால் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும்.

எந்த மாதத்தில் போடுவது நல்லது?

பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்குங்கள். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்பதால் காகித வேலை முன்பைவிடச் சுலபம், இருந்தாலும் மீட்டர் வரக் கொஞ்ச நாள் பிடிக்கும். பங்குனிக்குள் ஓட ஆரம்பித்தால் ஏப்ரலில் தொடங்கும் யூனிட் கணக்கும் ஏசி ஓடும் மாதங்களும் முழுசாகக் கிடைக்கும். புரட்டாசிக்குப் பிறகு யாராவது தள்ளுபடி என்று வந்தால், தளத்தில் துளை போடும் வேலையை மட்டும் தை மாதத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள்.